நீரில் கரைவதும் கரையாததும்

மருந்துத் தொழிற்சாலைக்குள் லாரி லாரியாக வந்து இறங்கும் சரக்கில் மருந்தாக வெளியே போவது மிகச் சொற்பம். மிச்சத்தில் பெரும்பங்கு கரைப்பான்கள். இரண்டு வேதிப்பொருட்கள் கலந்து வினைபுரிய ஒரு திரவம் வேண்டும். விளைந்ததைப் பிரித்தெடுக்க இன்னொன்று, படிகமாக்கிச் சுத்தம் செய்ய மற்றொன்று, கலனைக் கழுவ வேறொன்று. இவற்றில் எதுவும் மாத்திரையில் இருக்காது, இருக்கவும் கூடாது.

வயாகரா மாத்திரையின் மூலப்பொருளான சில்டனாஃபிலை ஃபைசர் நிறுவனத்தார் 1990இல் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தபோது, ஒரு கிலோ மருந்துக்கு 1,300 லிட்டர் கரைப்பான் என்ற கணக்கில் செலவானது. தயாரிப்பு வழியைத் திருத்திக்கொண்டே வந்து 1997இல் வணிக உற்பத்திக்கு அதை 22 லிட்டராகக் குறைத்தார்கள். கரைப்பானை மீட்டு மறுபடி பயன்படுத்தத் தொடங்கிய பிறகு சுமார் 7 லிட்டர் போதுமானதாக இருந்தது. மருந்து அதேதான், அதன் குணமும் அதேதான். ஆயிரத்து முந்நூறு எங்கே, ஏழு எங்கே! இடையில் இருந்த அத்தனை லிட்டரும் எங்கோ எரிக்கப்பட்டிருக்கும், அல்லது ஆவியாகிக் காற்றில் கலந்திருக்கும்.

அப்படிக் கலப்பவை சாதுவான பொருட்கள் அல்ல. பென்சீன் ரத்தப் புற்றுநோயைத் தரும். அரிசித் தவிட்டிலிருந்து எண்ணெயை இழுக்கப் பயன்படும் ஹெக்சேன், சுவாசத்தின் வழியே உடலுக்குள் போனால் கல்லீரலில் வேறொரு பொருளாக மாறி நரம்புகளைத் தாக்கும். காற்றோட்டமில்லாத பட்டறைகளில் ஹெக்சேன் கலந்த பசையோடு நாளெல்லாம் உழைத்த தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்துப்போய், நடையே தளர்ந்துபோன வரலாறு பல நாடுகளில் உண்டு. பழைய பெயின்டை உரிக்கப் பயன்பட்ட டைகுளோரோமீத்தேன், மூடிய குளியலறைகளில் வேலை செய்தவர்களைக் கொன்றிருக்கிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது.

அப்படியானால் நீரைப் பயன்படுத்தலாமே என்று யாருக்கும் தோன்றும். நீர் எரியாது, நஞ்சு இல்லை, விலையும் குறைவு. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் நொடிக்கு நொடி நடக்கும் ஆயிரக்கணக்கான வினைகள் நீருக்குள்தான் நடக்கின்றன. இருந்தும் கரிம வேதியியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக நீரைக் கண்டால் விலகியே போனார்கள். கண்ணாடிக் குடுவையை அடுப்பில் சுட்டு ஈரத்தைத் துரத்திய பிறகே வேலையைத் தொடங்குவது அவர்கள் வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் கையாளும் பொருட்களில் பல எண்ணெய்த் தன்மை கொண்டவை, நீரில் கரையாது. கிரின்யார்டு வினைபொருள் போன்ற சில, நீர் பட்டதும் வீணாகிவிடும். கரைந்தால்தான் வினை நடக்கும் என்ற நம்பிக்கையும் ஆழமாக வேரூன்றியிருந்தது.

அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது என்று பார்க்குமுன், நீர் மூலக்கூறைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், இடையே 104.5 பாகைக் கோணம். எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் சற்றே எதிர்மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்தன்மையும் பெறுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. அது நிலையாக நிற்பதில்லை; ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்திலேயே அறுந்து, வேறொரு மூலக்கூறோடு சேர்கிறது.

கும்மியடிக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறி மாறிப் பக்கத்தில் இருப்பவரோடு கைதட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உப்பு போன்ற மின்தன்மையுள்ள பொருள் உள்ளே வந்தால் அதுவும் தாளத்தில் சேர்ந்துகொள்ளும். அதைத்தான் கரைதல் என்கிறோம். கை தட்டவே தெரியாத ஒருவர் நடுவில் வந்து நின்றால், சுற்றியிருப்பவர்கள் தங்களுக்குள் தட்டிக்கொள்ள ஏதுவாக விலகி, திரும்பி நிற்க வேண்டியிருக்கும். அப்படி இரண்டு பேர் தனித்தனியாக நின்றால் தொல்லை இரட்டிப்பு. இருவரும் ஒட்டி நின்றால் குறைவு. நீரில் எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்வதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள் தனிப் பாசம் ஏதுமில்லை. நீர் தன் பிணைப்புகளைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் அவற்றை நெருக்கி ஒதுக்குகிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரெஸ்லோவும் டேரில் ரைட்அவுட்டும் இந்த நெருக்கத்தை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது டீல்ஸ்-ஆல்டர் வினை. இரண்டு கரிம மூலக்கூறுகள் முகத்தோடு முகம் சேர்ந்து ஒரு வளையமாக மூடிக்கொள்ளும் வினை அது. 1928இல் அறிவிக்கப்பட்டு, 1950இல் அதைக் கண்ட இருவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. எல்லாரும் அதைக் கரிமக் கரைப்பான்களில்தான் செய்துவந்தார்கள். சைக்ளோபென்டாடையீனையும் பியூட்டினோனையும் வைத்து இதே வினையைப் பிரெஸ்லோ குழுவினர் நீரில் செய்தார்கள். சைக்ளோபென்டாடையீன் நீரில் கரைவது சிறிதளவுதான். ஆனால் ஐசோஆக்டேன் என்ற பெட்ரோல் வகைத் திரவத்தில் நடப்பதைப் போல 700 மடங்குக்கும் மேலான வேகத்தில் வினை நடந்தது. மெத்தனாலோடு ஒப்பிட்டாலும் 50 மடங்குக்கு மேல். முடிவு 1980இல் வெளியானது.

வேகத்தைவிட அவர்கள் செய்த அடுத்த சோதனைதான் எனக்கு அழகாகப் படுகிறது. நெருக்கித் தள்ளுவது நீர்தான் என்றால், எண்ணெய்ப் பொருளை நீர் இன்னும் கடுமையாக ஒதுக்கும்படி செய்தால் வேகம் கூட வேண்டும். அந்த ஒதுக்கலைத் தளர்த்தினால் குறைய வேண்டும். லித்தியம் குளோரைடு உப்பைச் சேர்த்தார்கள். அது எண்ணெய்ப் பொருட்களின் கரைதிறனை மேலும் குறைக்கும் உப்பு. வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. எண்ணெய்ப் பொருட்கள் நீரில் கரையத் துணைபோகும் குவானிடினியம் குளோரைடைச் சேர்த்தபோது வேகம் குறைந்தது. ஒரு கருத்தை இரு பக்கமும் இழுத்துப் பார்த்து உறுதிசெய்யும் இந்த முறையை, வேதியியல் படிக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும்.

2005இல் பாரி ஷார்ப்லெஸ் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். வேதியியல் நோபல் பரிசை 2001இலும் 2022இலும் இருமுறை பெற்றவர் ஷார்ப்லெஸ். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருட்கள் நீரில் கரையவே இல்லை. குலுக்கினால் துளித்துளியாக மிதந்தன, அவ்வளவுதான். குவாட்ரிசைக்ளேன் என்ற பொருளை அசோடைகார்பாக்சிலேட் ஒன்றோடு டொலுயீனில் கலந்தால் வினை முடிய 120 மணி நேரத்துக்கும் மேலாகும். கரைப்பானே இல்லாமல் இரண்டையும் நேராகக் கலந்தால் 48 மணி நேரம். நீரின்மேல் விட்டு வேகமாகக் கலக்கியபோது 10 நிமிடத்தில் முடிந்துவிட்டது. கரைந்தால்தான் வினை நடக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. துளியும் நீரும் சந்திக்கும் எல்லையில், சில நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன்கள் பிணையத் துணையின்றி எண்ணெய்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வினையின் நடுவழியில் உருவாகும் நிலையற்ற அமைப்பை அவை பற்றித் தாங்குகின்றன என்று 2007இல் ஜுங், மார்க்கஸ் இருவரும் விளக்கம் தந்தார்கள்.

கரையாமையை ஒரு பெரிய தொழிற்சாலையே நம்பியிருக்கிறது. ஜெர்மனியில் ரூர் ஆற்றை ஒட்டிய தொழில் வட்டாரத்தில் ஓபர்ஹவுசன் என்ற ஊர். அங்கே ரூர்ஹெமி நிறுவனத்தில் ஓட்டோ ரோலன் 1938இல் ஒரு வினையைக் கண்டுபிடித்திருந்தார். புரோப்பீன் வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து பியூட்டனால் என்ற ஆல்டிஹைடாகும் வினை அது. பிளாஸ்டிக்கை வளையவைக்கும் பொருட்கள் முதல் பெயின்ட் கரைப்பான்கள் வரை பலவும் அதிலிருந்து பிறக்கின்றன. இதற்கு மிகச் சிறந்த வினையூக்கி ரோடியம். தங்கத்தைப் போன்ற அருமையான உலோகம். வினை முடிந்ததும் விளைபொருளோடு கலந்து கிடக்கும் ரோடியத்தைத் திரும்பப் பிரிப்பதுதான் தலைவலி.

பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் எமில் குன்ட்ஸ் இதற்கு வழி கண்டார். ரோடியத்தைப் பற்றிக்கொள்ளும் பாஸ்ஃபீன் மூலக்கூறில் மூன்று சல்ஃபோனேட் தொகுதிகளை ஒட்டினார். அந்த மூலக்கூறு ஒரு லிட்டர் நீரில் ஒரு கிலோவுக்கு மேல் கரையும். அது எங்கே போகிறதோ, ரோடியமும் அங்கே போகும். ஆகவே வினையூக்கி முழுவதும் நீரில் தங்கிவிடுகிறது. விளைந்த ஆல்டிஹைடு நீரோடு அதிகம் ஒட்டாமல் தனி அடுக்காக மேலே நிற்கிறது. மேலடுக்கை வடித்துக்கொண்டு, கீழேயுள்ள நீரை வினையூக்கியோடு மறுபடி கலனுக்கு அனுப்புகிறார்கள். 1984இல் ஓபர்ஹவுசனில் தொடங்கிய இந்த ஆலையில் ஆல்டிஹைடோடு வெளியேறும் ரோடியம் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் கணக்காகிறது.

இதற்கும் எல்லை உண்டு. புரோப்பீனும் பியூட்டீனும் நீரில் கொஞ்சமாவது கரைவதால் வினை நடக்கிறது. எட்டு, பத்துக் கார்பன் நீளமுள்ள ஆல்கீன்கள் நீரில் நுழையவே மறுப்பதால் வேகம் படுத்துவிடுகிறது.

நீரின் குணத்தையே மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதற்கு வெப்பமும் அழுத்தமும் போதும். மின்னேற்றங்களைப் பிரித்து வைக்கும் திறனை மின்காப்பு மாறிலி என்ற எண்ணால் அளப்பார்கள். 25 பாகை செல்சியஸில் நீருக்கு அது 78. எண்ணெய்ப் பொருட்கள் ஒதுங்குவதும் உப்புகள் கரைவதும் இந்த உயர்ந்த எண்ணோடு சேர்ந்தவை. வீட்டுக் குக்கரில் நீர் சுமார் 120 பாகை வரை போகும். 40 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து 250 பாகைக்குச் சூடாக்கினால் நீர் திரவமாகவே இருக்கும், ஆனால் அந்த எண் 27 ஆக இறங்கிவிடும். அறை வெப்பநிலையில் எத்தனாலுக்கு 24, மெத்தனாலுக்கு 33. இப்போது பல கரிமப் பொருட்கள் அதில் கரையும். அதே சூட்டில் நீர் தானாகவே ஹைட்ரஜன் அயனிகளாகவும் ஹைட்ராக்சைடு அயனிகளாகவும் பிரிவது ஏறத்தாழ 25 மடங்கு கூடுகிறது. அமிலமோ காரமோ ஊற்றிச் செய்யவேண்டிய சில வினைகள் வெறும் நீரிலேயே நடக்கும். ஆறவிட்டால் அது மறுபடி சாதாரண நீர்; நடுநிலையாக்கிக் கழிவு உப்பை அகற்றும் வேலை மிச்சம். 374 பாகைக்கும் 218 மடங்கு அழுத்தத்துக்கும் மேலே போனால் நிலைமை முழுக்கத் தலைகீழாகிறது. எண்ணெய் கலக்கும், உப்பு படிந்து விழும். எஃகுக் கலனையே அரிக்கும் முரட்டு நீர் அது.

கார்பன் டைஆக்சைடுக்கு இந்த எல்லை மிக எளிதில் எட்டும். 31 பாகை, 73 மடங்கு அழுத்தம் போதும். அதற்கு மேல் அது வாயுவைப் போல எங்கும் ஊடுருவும், திரவத்தைப் போல கரைக்கவும் செய்யும். ஓபர்ஹவுசனுக்கு அடுத்த ஊரான மியூல்ஹைமில் கூர்ட் சோசல் 1960களில் இதைக் கொண்டு காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை எடுத்துக் காட்டினார். அதற்கு முன்பு அதே ஜெர்மனியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லுட்விக் ரோசேலியஸ் காஃபீன் நீக்கப் பயன்படுத்தியது பென்சீனை! அழுத்தத்தைத் திறந்துவிட்டால் கார்பன் டைஆக்சைடு பறந்துவிடும். கொட்டையில் எச்சம் இருக்காது. இங்கே பேசும் மாற்றங்களில் எந்தக் குறையும் சொல்லத் தோன்றாத ஒன்று உண்டென்றால் இதுதான்.

நீர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. திருப்பூரைப் பார்த்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

பருத்திப் பின்னலாடைக்கு நிறம் ஏற்றும் சாயப்பட்டறையில் கரைப்பான் நீர்தான். பெட்ரோலிய வகைத் திரவம் எதுவும் இல்லை. நீரில் கரைந்த சாய மூலக்கூறு எதிர்மின்தன்மை உடையது. ஈரமான பருத்தி இழையின் மேற்பரப்பிலும் எதிர்மின்தன்மைதான். ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கலை மறைக்க உப்புப் போட வேண்டும். லிட்டருக்கு 50 கிராம், அடர்நிறம் என்றால் 80, 100 கிராம்கூட. கடல்நீரில் இருப்பதே லிட்டருக்கு 35 கிராம்தான். சாயம் இழைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றுவார்கள். அப்போது சாயம் பருத்தியின் செல்லுலோசோடு வேதிப்பிணைப்பில் இணைகிறது. துவைத்தாலும் போகாத நிறம் இப்படித்தான் கிடைக்கிறது.

ஆனால் அந்தக் காரநீரில் சாயத்தோடு வினைபுரியக் காத்திருப்பது செல்லுலோஸ் மட்டுமா? சுற்றிலும் நிறைந்திருக்கும் நீரும் அதே சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீர் பிடித்த சாயம் இனித் துணியில் ஒட்டாது. சாயத்தின் வகையையும் நிறத்தின் அடர்த்தியையும் பொறுத்து ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படி வீணாகும். அதைக் கழுவ மேலும் மேலும் நீர். கடைசியில், போட்ட உப்பு அத்தனையும் ஒட்டாத சாயத்தோடு சாக்கடைக்கு வந்து சேரும். உப்பு எந்த வினையிலும் செலவாவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. போட்டது ஒரு கிராம் குறையாமல் வெளியே வரும்.

அது வந்து சேர்ந்த இடம் நொய்யல் ஆறு. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப்பகுதிக் கிணறுகள் உப்பேறி, விவசாயிகள் வழக்காட வேண்டிவந்தது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஊரின் தொழில் ஸ்தம்பித்தது. ஜீரோ டிஸ்சார்ஜ் என்று அங்கே எல்லாரும் சொல்லும் முறை அதன்பிறகுதான் நடைமுறையில் கட்டாயமானது. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள்.

ஆவியாக்குவது என்று எழுதுவது சுலபம். ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ ஹெக்சேனுக்குச் சுமார் 335 போதும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. டீல்ஸ்-ஆல்டர் வினையை 700 மடங்கு விரட்டிய அதே பிணைப்பு, திருப்பூரில் எரிபொருள் பில்லாக வந்து நிற்கிறது. செறிந்த உப்புநீரை முழுக்கக் காய்ச்சாமல், சுத்தம் செய்து அப்படியே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் வழியும் அங்கே கையாளப்படுகிறது. உப்பும் மிச்சம், வெப்பமும் மிச்சம் என்பதால் எனக்கு அதுவே புத்திசாலித்தனமான வேதியியலாகத் தெரிகிறது. நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் நீரே இல்லாமல் அழுத்திய கார்பன் டைஆக்சைடில் துணிக்குச் சாயமேற்றும் எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அது பாலியஸ்டருக்குச் சரிப்பட்டுவரும். பருத்திக்கு ஏற்கும்படி இன்னும் அமையவில்லை. திருப்பூர் பருத்தி ஊர்.

ஆகையால் ஒரு கரைப்பானைப் பசுமையானது என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் கேட்பது, வேலை முடிந்தபின் அதை எப்படிப் பிரிப்பீர்கள் என்பதைத்தான். அயனித் திரவங்கள் ஆவியாகாது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காலத்தில் பசுமைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. அவற்றில் பல நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதும், அவற்றைத் தயாரிக்கவே நிறையக் கரைப்பான் செலவாகிறது என்பதும் பிறகு தெரியவந்தன. கோலீன் குளோரைடும் யூரியாவும் கலந்த கலவை என்னை அதிகம் கவர்கிறது. முதலாவது 302 பாகையில் உருகும், இரண்டாவது 133இல். ஒன்றுக்கு இரண்டு என்ற மூலக்கூறு விகிதத்தில் கலந்தால் 12 பாகையிலேயே திரவமாகிவிடும் என்று லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரூ அபட் குழுவினர் 2003இல் காட்டினார்கள். ஒன்று கோழித் தீவனத்தில் சேர்ப்பது, மற்றது வயலுக்குப் போடும் உரம். ஆனால் அது தேன்போலக் கெட்டியானது. அதிலிருந்து விளைபொருளைப் பிரிக்கப் பெரும்பாலும் நீரையே ஊற்ற வேண்டியிருக்கிறது. கரும்புச்சக்கையிலிருந்தும் மக்காச்சோளக் கதிரின் தண்டிலிருந்தும் பெறக்கூடிய 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான் நீரோடு அதிகம் கலக்காமல் சுலபமாகப் பிரிகிறது. மருந்து ஆலைகள் அதை விரும்புவதற்கு அதுவே காரணம்.

கல்லூரிகளில் இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேயிலையிலிருந்து காஃபீன் எடுக்கும் செய்முறையில் முதல் வேலையை நீரே செய்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் 2 கிராம் காஃபீன் கரையும். கொதிநீரில் 66 கிராம். சோடியம் கார்பனேட் சேர்த்தால் துவர்ப்புப் பொருட்கள் உப்பாகி நீரிலேயே தங்கிவிடும். அதன்பிறகு குளோரோஃபார்மோ டைகுளோரோமீத்தேனோ ஊற்றிக் குலுக்குவது பழைய பழக்கம். எத்தில் அசிட்டேட்டை வைத்துச் செய்யுங்கள்; விளைச்சல் கொஞ்சம் குறையலாம், குறையட்டும். பயன்படுத்தியதைத் தொட்டியில் கொட்டாமல் காய்ச்சி வடித்து அடுத்த வகுப்புக்கு வையுங்கள். ரெக்கார்டு நோட்டில் எத்தனை மில்லிகிராம் காஃபீன் கிடைத்தது என்று எழுதுமிடத்துக்குப் பக்கத்தில், எத்தனை மில்லி கரைப்பான் ஊற்றினோம், எத்தனை மில்லி திரும்பக் கிடைத்தது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.